கும்பிடுறதுக்கு வைச்ச தடி

எனக்கு வாயில் சனி என்று என் மனைவி ரதி கல்யாணமான முதல் கிழமையே கண்டுபிடித்துவிட்டாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வராது. ஒருவர் ஒரு வேலையைப் பிழையாகச் செய்யும்போது பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் வராது. இந்த இரண்டு குணத்தாலும் நான் இழந்த சிநேகிதங்கள் கொஞ்சமல்ல. ஆனால் உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக நின்ற ஒரு மரத்தை என் வாயாலேயே எரிப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ்கள் நிறுத்தும் யார்ட் ஒன்றில் எனக்குப் பஸ் கழுவும் வேலை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன் நான். மா, தோடை, எலுமிச்சை என்று ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டிய கை இது. இங்கே அந்தக் கையால் சீற்றுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் சூயிங்கத்தைச் சுரண்டினேன். இராசரத்தினம் என்ற பெயரை யார்ட்டில் சுருக்கி 'ரட்' ஆக்கியிருந்தார்கள். மூன்று மாதம் நானும் கூப்பிட்டவுடன் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பினேன். என் மகள் தனுஷிகாதான் ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்பா, தட் மீன்ஸ் எலி" என்றாள். அடுத்த நாளே போய்ச் சண்டை பிடித்தேன். அதற்குப் பிறகு மிஸ்டர் ரட்ணம்.

அந்த வைகாசியில்தான் றோசலினைத் தெரியவந்தது. வெள்ளைக்காரி, ஐம்பத்தைந்து வயது இருக்கும், அஜக்ஸில் வீடு. எங்கள் யார்ட்டில் பஸ் ஓட்டுகிறவள். காலை ஓட்டம் முடிந்து வந்தவள் பின்வேலியோரம் ஒரு சாடிக்கு முன்னால் முழங்காலில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பென்சில் மொத்தத்தில் ஒரு அடிக்கன்று. அதன் தலையைச் சீவிவிட்டு இன்னொரு மரத்தின் தடியை மேலே வைத்துக் கட்டியிருந்தாள். கட்டா அது? உடைந்த காலுக்குப் பழந்துணி சுற்றியதுபோல் இருந்தது. ஒட்டிய தடி எப்போதோ சுருங்கிக் கறுத்துச் செத்திருந்தது. கட்டுக்குக் கீழே, அடிக்கன்றின் உடம்பிலிருந்து, பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்த்தது.

"பிடித்துவிட்டது, பார்!" என்றாள் ஆங்கிலத்தில்.

"இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இவ்வளவும் சொன்னேன்: "இது உன் மரம் இல்லை. கட்டுக்குக் கீழே வருவது அடிக்கன்றின் சொந்தத் துளிர். வெறும் காட்டு அப்பிள். நீ ஒட்டியது செத்துப்போயிற்று." சொல்லிக்கொண்டே குனிந்து பெருவிரல் நகத்தால் அந்தத் துளிரைக் கிள்ளி எறிந்தேன். கைப்பழக்கம். ஒட்டுக்குக் கீழே துளிர் கண்டால் கிள்ளாமல் போக எங்கள் தொழிலில் ஒருவனுக்கும் கை வராது. விட்டுவைத்தால் அது மேலே உள்ளதைச் சாகடித்துவிட்டுத் தான் மரமாகிவிடும்.

அவள் முகம் அப்படியே விழுந்துபோனது. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. முழங்காலைத் தட்டிவிட்டு எழும்பி, "அப்படியென்றால் அடுத்த வருடம் நீயே கட்டித் தா" என்றாள்.

பிறகுதான் கதையைச் சொன்னாள். வடக்கே ஒன்பது மணி நேரம் கார் ஓடினால் பென்ஹேல் என்று ஒரு இடம். அந்தக் காலத்தில் வெள்ளி தோண்ட வந்த சனங்கள் காட்டை வெட்டி அமைத்த குடியிருப்பு. வெள்ளி முடிந்ததும் சனமும் முடிந்தது. வீடுகள் இடிந்து மண்ணாகிவிட்டன. அவர்கள் நட்ட மரங்கள் மட்டும் காட்டுக்குள் நிற்கின்றன. இப்படி எத்தனையோ சுரங்கக் குடியிருப்புகள் அந்தப் பக்கம் இருக்கின்றன. ஒன்றில் பிளம்ஸ், ஒன்றில் வால்நட், ஒன்றில் பெயரே தெரியாத ஒரு பெயார்ஸ். றோசலினும் இன்னும் மூன்று பேருமாக லீவு நாட்களில் அவற்றைத் தேடிப் போய்க் கொப்பு வெட்டி வந்து, எங்கேயாவது பிழைக்க வைக்கப் பார்க்கிறார்கள். முதலில் கேட்டபோது விசர்க் கூட்டம் என்றுதான் நினைத்தேன்.

பென்ஹேலில் மிஞ்சி நின்றது ஒரே ஒரு அப்பிள் மரம். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட ஒருத்தி சமையல்கட்டுக்குப் பின்னால் நட்டது. அங்கே பிறந்த றோசலினின் தகப்பன் அந்தப் பழத்தைத் தின்று வளர்ந்தவர். பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் சாகாத மரம், நிலவறையில் போட்டால் ஈஸ்டர் வரை சுருங்காத பழம். 'பென்ஹேல் கீப்பர்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அப்பிள் விதையைப் போட்டால் தாயைப் போல் பிள்ளை வராது. அதே மரம் வேண்டுமென்றால் கொப்பு வெட்டி ஒட்டத்தான் வேண்டும். வேறு வழி கிடையாது. றோசலின் இரண்டு வருடம் ஒட்டி இரண்டு வருடமும் சாகடித்திருந்தாள். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களோ பழைய சுரங்கக் குழிகளை மூடி, முழு இடத்தையும் தரைமட்டமாக்கப்போவதாகக் கடுதாசி அனுப்பிவிட்டார்கள்.

தொண்ணூற்றாறு மாசியில் அவள் பனியில் ஓடும் வண்டி பிடித்துப் போய் வந்தாள். மரத்தில் உயிரோடிருந்தது ஒரே ஒரு கிளையாம். அதில் கண்ட புதுக் கொப்புகளை முழுக்க வெட்டிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு தடிகள். ஒரு சாண் நீளம், பென்சில் மொத்தம். மொட்டுகள் கண்ணை மூடிக்கொண்டு நித்திரையில் இருந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பட்டைக்குக் கீழே பச்சைக்கோடு பளிச்சென்று தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடத்தில் எனக்குத் தெரிந்த வேலையை ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தரம்.

"சித்திரைக் கடைசியில்தான் கட்டவேண்டும். அதுவரை போன வருடம் இவற்றை எங்கே வைத்திருந்தாய்?"

"பிரிட்ஜில். கீழ்த் தட்டில்."

"பக்கத்தில் என்ன இருந்தது?"

யோசித்தாள். "அப்பிள்தான். ஏன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பழம் மூச்சு விடும். அந்த மூச்சு மொட்டைக் கொல்லும். நீ வெட்டிக் கொல்லவில்லை, பிரிட்ஜில் வைத்துக் கொன்றிருக்கிறாய். தா இங்கே. என் வீட்டில் வைக்கிறேன்." பாதியை அவளிடமே விட்டிருக்கலாம். மற்ற மூன்று பேரிடமும் பிரித்துக் கொடுத்திருக்கலாம். பன்னிரண்டையும் நான்தான் பிடுங்கினேன். என் கெட்டித்தனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் மறுபேச்சில்லாமல் தந்துவிட்டு, பன்னிரண்டு அடிக்கன்றுக்குச் சொல்லி வைத்தாள். பன்னிரண்டு தகரத் துண்டில் 'பென்ஹேல் கீப்பர்' என்று ஆணியால் கீறியும் வைத்தாள்.

வோபர்னில் எங்களுக்கு ஏழாம் மாடி அப்பார்ட்மென்ற். தடிகளை நனைத்த தமிழ்ப் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பிரிட்ஜின் அடியில் இழுத்துத் திறக்கும் லாச்சியில் வைத்தேன். அதிலிருந்த அப்பிள், வாழைப்பழம், தனுஷிகாவின் கிறேப்ஸ் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசையில் போட்டேன். ரதி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உது என்னப்பா தடி? என்னத்துக்கு?"

"கும்பிடுறதுக்கு."

இவ்வளவுதான் நான் சொன்னது. வாயில் வந்த பகிடி. சொல்லிவிட்டு லாச்சியைச் சாத்தினேன். "உதுக்குப் பக்கத்தில ஒண்டும் வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றும் சொன்னேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த நாட்களில் ரதி எதையுமே மேற்கொண்டு கேட்பதில்லை. அவளுடைய ஒரே தம்பி வினோதன், இருபத்தாறு வயது, போன வருட ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் கிளம்பியபோது பாலத்தடிச் சன நெரிசலில் தாயின் கையை விட்டவன். தாய் வன்னிக்குப் போய்ச் சேர்ந்து கடிதம் போட்டுவிட்டார். அவன் என்ன ஆனான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரதி வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே ரெலிபோனைத் தூக்குவாள். வவுனியாவில் பழைய அயலவர் நீக்கிலாப்பிள்ளை ஒரு கடையில் இருந்தார். அவரிடம் ஒவ்வொரு கிழமையும் முகாம் முகாமாகப் பெயர் பார்க்கச் சொல்லிக் கேட்பாள். அவரும் பாவம், பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லுவார்.

தடி வந்த பிறகு வீட்டில் சில மாற்றங்கள் தெரிந்தன. ரதி மீனைப் பிரிட்ஜில் வைப்பதை நிறுத்தினாள். ஆட்டிறைச்சிக் கறி மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். லாச்சியைத் துடைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனாள். தனுஷிகா ஒருநாள், "வை காண்ட் ஐ கீப் மை யோகர்ட் தெயர்? திஸ் இஸ் சோ வியர்ட்" என்று கத்தியபோது, "அப்பா சுத்தமா வைச்சிருக்கிறார், நீ சும்மா இரு" என்று அதட்டினாள். நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு என் தொழிலை இவள் மதிக்கிறாள் என்று நினைத்தேன். மடையன்.

சித்திரைப் பதின்மூன்று சனிக்கிழமை எனக்கு ஓவர்ரைம். ஞாயிறு காலை வழக்கம்போல் பேப்பரை நனைக்க லாச்சியைத் திறந்தேன். அதற்குள் தக்காளிப்பழம் கிடந்தது.

"ரதி, இதுக்குள்ள இருந்த தடி எங்க?"

அவள் சாமியறைப் பக்கமிருந்து வந்தாள். சாமியறை என்றால் துணி அலுமாரியின் கதவைக் கழற்றிவிட்டுத் தட்டு அடித்தது. தலை தோய்ந்து, விபூதி பூசி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு நின்றாள்.

"நேற்றுத் தம்பிக்கு ஹோமம் செய்வித்தனான். உங்களுக்குச் சொன்னா நக்கலடிப்பியள் எண்டு சொல்லேல்லை. ஐயர் வெள்ளிக்கிழமை போன் பண்ணி, 'பிள்ளை, சமித்து வாற பெட்டி இன்னும் வந்து சேரேல்லை, கொஞ்சம் தள்ளிப்போடுவமோ' எண்டு கேட்டவர். நான் சொன்னன், எங்கட வீட்டில இருக்கு, இவர் கும்பிடுறதுக்கெண்டு எங்கேயோ வடக்க இருந்து எடுப்பிச்சு, மச்ச மாமிசம் படாமல் வைச்சிருக்கிறார் எண்டு."

ஹோமத்தில் போடும் சமித்து ஒரு சாண் நீளம். பென்சில் மொத்தம். கட்டாகக் கட்டித்தான் வரும்.

"கோயில் பக்கமே போகாத மனிசன் தம்பிக்காக இதையெல்லாம் தேடி வைச்சிருக்கிறாரே எண்டு நான் கோயிலில இருந்து அழுதனான்" என்றாள் ரதி. "பச்சைத் தடி, நெய்யில தோய்ச்சுப் போட்டும் ஒரே புகை. மண்டபத்தில தீ மணி அடிச்சுப்போட்டுது. ஃபயர் றக் வந்திட்டுது. ஐயர் சொன்னவர், மணி அடிச்சது நல்ல சகுனமாம்."

கோயில் என்பது வோபர்னில் ஒரு பண்டகசாலை மண்டபம். அந்த மண்டபத்தில் பென்ஹேல் எரிந்ததற்குக் கனடா அரசாங்கமே மணி அடித்திருக்கிறது. நான் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

நிலத்தில் இருந்துவிட்டேன். ரதி பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து குந்தினாள். அப்போதுதான் முழுவதையும் சொன்னேன். பகிடி இல்லாமல், குத்தல் இல்லாமல், ஒரு கேள்விக்கும் வளைந்து பதில் சொல்லாமல். இதில் பத்தில் ஒரு பங்கை இரண்டு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் போதும். கேட்டுக்கொண்டிருந்தவளின் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்டு இருக்கப்பா."

பதினொன்றுதான் அக்கினிக்குப் போயிருக்கிறது. ஒன்றை ஐயர் எடுத்து மஞ்சள் நூல் சுற்றி, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சாமித் தட்டில் வைத்து அவன் பெயரைச் சொல்லிக் கும்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எழும்பி ஓடினேன். வினோதனின் படத்துக்கு முன்னால், வெற்றிலைக்கு மேல் அது கிடந்தது. குங்குமப் பொட்டோடு. அடியில் கொஞ்சம் சுரண்டினேன். பச்சைக்கோடு. உயிர் இருந்தது. ஆறு மொட்டு இருந்தது. ஒரு மரத்துக்கு எனக்கு ஒரு மொட்டுக் காணும், அதுவே போதும்.

"ரதி, இதை நான் எடுக்கிறன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "தம்பிக்கு வைச்சதப்பா."

"காய்ஞ்சு போகும். இன்னும் ஒரு கிழமை தாங்கினாலே பெரிசு."

"நாற்பத்தெட்டு நாள் எண்டு நேந்திட்டன். எடுத்த பிறகு அவனுக்கு ஒண்டு எண்டா?" பிடியை விடவில்லை. "எனக்கு உங்கட மரமும் வேணும். தம்பியும் வேணும். நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

எல்லாருக்கும் எல்லாவற்றையும் திருத்திச் சொல்லுகிறவன் நான். "அப்ப ஈரப் பேப்பரில சுத்தி லாச்சிக்குள்ள வைச்சுக் கும்பிடுவம்" என்று கேட்டுப் பார்த்தேன். "சாமியைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜுக்குள்ள வைக்கிறதோ?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். கடைசியில், தினமும் காலையில் செம்பிலிருந்து தண்ணீர் தெளிப்பதாகச் சம்மதித்தாள். பூப்போட்டுத் தண்ணீர் தெளித்தாள். ஹீற்றர் ஓடும் வீட்டில், விளக்குக்குப் பக்கத்தில், அந்த நாலு துளித் தண்ணீர் கண்ணை மூடித் திறக்க முன் காய்ந்துவிடும்.

யார்ட்டில் றோசலினிடம் சொன்னேன். சமித்து என்பதற்கு ஆங்கிலம் தெரியாமல், நெருப்பு, கடவுள், என் மனைவியின் தம்பி என்று தட்டித் தடவிச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள் பஸ்ஸின் படியில் இருந்துகொண்டு, "உன் மச்சான் கிடைத்துவிட்டானா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனாள். திங்கட்கிழமை வந்து, "போன மாதமே முடித்துவிட்டார்கள். சரளைக்கல்லும் கம்பி வேலியும்தான். மரம் எந்த இடத்தில் நின்றது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை" என்றாள். வந்து இறங்கிய பன்னிரண்டு அடிக்கன்றில் பதினொன்றைத் தன் கூட்டாளிகளுக்கு, வேறு குடியிருப்பு மரங்கள் ஒட்டக் கொடுத்துவிட்டாள். ஒன்றை வேலியோரம் வைத்துக்கொண்டு, "எப்போதென்றாலும் கொண்டு வா" என்றாள்.

ஆக, பென்ஹேலில் மிஞ்சியது என் வீட்டுச் சாமித் தட்டில் கிடந்த அந்த ஒரு தடிதான். வேலைக்குப் போகும்போது பார்ப்பேன், வந்தும் பார்ப்பேன். ஐந்தாம் நாள் பட்டையின் மினுக்கம் போனது. எட்டாம் நாள் தோலில் மெல்லிய சுருக்கம் கண்டது, குளித்து அதிக நேரம் தண்ணீரில் நின்றவனின் விரல்போல.

ஒன்பதாம் நாள் மத்தியானம், வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வேலையால் வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. நூலை அவிழ்த்துத் தடியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். கதவு வரை போனேன். பல்கணிச் செடியில் ஒரு குச்சியை முறித்து, நூல் சுற்றிப் பொட்டு வைத்துவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. கத்தியும் கையில் இருந்தது. ஆனால் வினோதனின் படம் பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்போட்டுக்கு எடுத்த படம், நெற்றியில் தலைமயிர் விழுந்தபடி. எனக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது. ஹோமத்திலும் கிடையாது. இருந்தாலும், இன்றைக்கு இதை எடுத்து நாளைக்கு வவுனியாவிலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்தால், ரதிக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தச் செய்தியோடு நான் மிச்சக் காலம் இருக்கவேண்டும். அது வெறும் மூடத்தனம் என்று எனக்கு நானே மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். கால் கதவைத் தாண்டவில்லை. திரும்பிப் போய்த் தடியை வெற்றிலையில் வைத்து, நூலைச் சுற்றிவிட்டு, அந்த அலுமாரிக்கு முன்னால் இருந்து அழுதேன்.

அன்றோடு நான் பார்ப்பதை விட்டேன். வைகாசி பிறந்தது. வெளியே மரங்கள் எல்லாம் துளிர்த்துவிட்டன.

ஹோமத்திலிருந்து இருபத்தேழாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், நீக்கிலாப்பிள்ளையிடமிருந்து அவராகவே ஒரு போன் வந்தது. ரதிதான் எடுத்தாள். ஓம், ஓம் என்று மட்டும் சொன்னாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: எல்லா முகாமிலும் பார்த்தாயிற்றாம். ஆஸ்பத்திரிகளிலும் பார்த்தாயிற்றாம். ஒரு இடத்திலும் பெயர் இல்லையாம். "இனிப் பாக்கிறதுக்கு இடம் இல்லைத் தங்கச்சி எண்டு சொல்லுறார்."

முகத்தைக் கழுவிக்கொண்டு சாமியறைக்குப் போனாள். வரும்போது இரண்டு கையிலும் தடியை ஏந்திக்கொண்டு வந்தாள். மஞ்சள் நூலை அவளே கழற்றியிருந்தாள்.

"இந்தாங்கோ. உங்கட மரமாவது பிழைக்கட்டும்."

கையில் வாங்கினேன். நகம் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. பாரமில்லை. பச்சைத் தடிக்கு ஒரு பாரம் உண்டு, ஒட்டுக் கட்டுகிற கைக்கு அது தெரியும். இது வெறும் விறகு.

"நேரம் இருக்குதானே?" என்று கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பிந்திப்போகேல்லைத்தானே?"

"நேரம் இருக்கு. காணும்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட கேள்விக்கு நான் உடனடியாக, நேராகச் சொன்ன முதல் பதில் அது. பொய்.

தானும் வருவேன் என்றாள். அடுத்த நாள் சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறி யார்ட்டுக்குப் போனோம். றோசலின் காத்துக்கொண்டு நின்றாள். தடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரதியைப் பார்த்தாள். இரண்டு வருடம் சாகடித்தவளுக்குச் செத்த தடி தெரியாமலா இருக்கும்? ஒட்டும் ரேப்பை எடுத்து நீட்டினாள்.

சாய்வாகச் சீவினேன். உள்ளே கடதாசி நிறம். அடிக்கன்றைச் சீவியபோது அதில் நீர் சுரந்தது. இரண்டையும் விளிம்போடு விளிம்பு பொருத்தினேன். ஊரில் தாவடியிலும் கோண்டாவிலிலும் கட்டிய ஆயிரம் ஒட்டில் ஒன்றைக்கூட நான் இவ்வளவு சுத்தமாகக் கட்டியதில்லை. ஒரு தலைமயிர் போக இடமில்லை. ரேப்பைச் சுற்றி மெழுகு பூசினேன். ரதி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"எப்ப துளிர்க்கும்?"

"மூண்டு கிழமை."

அந்த மூன்று கிழமையும் நான் அந்த வேலியோரம் போகவில்லை. அடிக்கன்று தன் பாட்டில் துளிர் விடும், தலையை வெட்டினால் எந்த மரமும் விடும். முதல் துளிர் கண்டதும் கிள்ளியிருக்கவேண்டும். போகவில்லை. ரதி வீட்டில் ஒவ்வொரு நாளும் நாள் எண்ணினாள். ரெலிபோனைத் தொடுவதில்லை. அலுமாரியில் விளக்கு வைப்பதில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "இண்டைக்குப் பதினாறு" என்பாள். தடியைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரியாக மூன்றாம் கிழமை முடிந்த சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. ரதி சாப்பாட்டுப் பெட்டியோடு யார்ட்டுக்கு வந்தாள். நான் குழாயை மூடிவிட்டு வருவதற்குள் வேலியோரம் போய்விட்டாள். அங்கிருந்து அவள் கத்தின கத்தலில் டிரைவர்மார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இஞ்ச ஓடி வாங்கோ! துளிர்த்திட்டுதப்பா! துளிர்த்திட்டுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று இலை, பச்சைப் பசேலென்று, வெயிலில் மினுங்கிக்கொண்டு. கட்டுக்கு ஒரு விரற்கடை கீழே. மேலே என் கெட்டித்தனமான ஒட்டில் கறுத்த தடி நேராக நின்றது, மெழுகுகூட உதிராமல்.

ரதி நிலத்தில் முழங்காலில் இருந்தாள். கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. ஒரு விரலால் அந்த இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவு நாள் காய்ஞ்சு கிடந்தது" என்றாள். "எல்லாரும் செத்துப்போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம். உயிர் இருந்திருக்கு. அவனும் எங்கேயாவது இருப்பானப்பா. உப்பிடித்தான் இருப்பான். நான் இண்டைக்குப் போய் நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்குப் போன் எடுக்கப்போறன்."

என் பெருவிரல் தானாக முன்னால் போனது. நகத்தால் ஒரு கிள்ளு, அவ்வளவுதான் வேலை. விட்டால் ஐந்து வருடத்தில் இது வாயில் வைக்க முடியாத புளிக் காயாகக் காய்க்கும். பென்ஹேல் என்று சொல்லி அதை ஒருவர் கடித்துப் பார்ப்பார். அந்த நாள் வரை நானும் இதற்குத் தண்ணீர் ஊற்றவேண்டும்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஓம்" என்றேன். "பிடிச்சிட்டுது."

எனக்குப் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. றோசலின் வந்து நின்று பார்த்தாள். போன வருடம் இதே வேலியோரம், இதே மாதிரி ஒரு துளிரை நான் கிள்ளி எறிந்தது அவளுக்கு மறந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொக்கற்றுக்குள் கையை விட்டு, 'பென்ஹேல் கீப்பர்' என்று கீறிய தகரத் துண்டை எடுத்து, ரதிக்குப் பக்கத்தில் குந்தி, அந்தக் காட்டு அப்பிளின் கழுத்தில் கட்டினாள்.